மெட்ராஸ் போய்ப் பெரிய திரையில படம் பார்க்கறவங்க கவனிக்க வேண்டியது

(பாண்டி, கடலூர்க்காரங்க ஆளாளுக்குச் சொன்னது. ஒவ்வொண்ணுக்கும் மேல இருக்கறது சொன்னவங்களோட ஏரியா.)

லாஸ்பேட்டை

மெட்ராஸ்ல ஏதாவது ஒரு தியேட்டரைப் புதுப்பிச்சாங்கன்னதும் லாபி, சீட்டு, சீலிங் லைட்டுன்னுதான் போட்டோ சுத்துது. பாண்டியிலேருந்து 150 கிலோமீட்டர் போறவங்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல. எந்த ஆடி (ஆடிட்டோரியம், அதாவது ஒரு ஸ்கிரீன் இருக்கற ஹால்), என்ன புரொஜெக்டர், படம் எந்த விகிதத்துல (உயரத்தைப் போல அகலம் எத்தனை மடங்கு) எடுத்தது, இது மூணும் தெரிஞ்சா போதும்.

ஒரே மால்ல பத்து ஸ்கிரீன் இருக்கும், ஐமேக்ஸ்ங்கற பெரிய திரை அதுல ஒண்ணுதான். படத்தோட பேரையும் நேரத்தையும் மட்டும் பார்த்து அமுக்கினா சாதா ஆடிக்கு டிக்கெட் விழுந்துடும். 'ஐமேக்ஸ் 2டி'யா 3டியா, என்ன மொழின்னு பார்த்துட்டுப் பணத்தைக் கட்டுங்க. சீட் படத்துல திரை மேல இருக்கா கீழ இருக்கான்னும் பாருங்க. சில இடத்துல 'ஏ' வரிசை முன்னாடி, சில இடத்துல கடைசி.

ஐமேக்ஸ்னாலே திரை முழுக்க நிரம்பும்னு நினைக்கறது தப்பு. சென்னையில வேளச்சேரி ஃபீனிக்ஸ், வடபழனி விஜயா மால் ரெண்டுலயும் இருக்கறது 1.90 விகிதத் திரை. பழைய 70 எம்எம் ஐமேக்ஸ் பிலிமோட 1.43 உயரம் அங்க கிடையாது. நம்ம படங்கள்ல பாதிக்கு மேல 2.39 ஸ்கோப், அதாவது இன்னும் அகலமான படம். அதை 1.90 திரையில போட்டா உயரத்துல 80 சதவீதம்தான் படம், மேலயும் கீழயும் சேர்த்து அஞ்சுல ஒரு பங்கு கறுப்புப் பட்டை. ஐமேக்ஸுக்குன்னே உயரத்தைத் திறந்து விட்ட காட்சிகள் இருந்தாத்தான் அந்த இடம் நிறையும். அப்படி இல்லாத படத்துக்கு நல்ல ஸ்கோப் திரையும் அட்மாஸும் (தலைக்கு மேலயும் ஸ்பீக்கர் வச்ச சவுண்டு) உள்ள ஆடியே போதும், காசும் மிச்சம்.

ஐமேக்ஸ் மட்டுமே பெரிய திரை இல்ல. நம்ம சென்னை கியூப்ங்கற டிஜிட்டல் சினிமா நிறுவனத்தோட எபிக் வகைத் திரை ஒண்ணு ஆந்திர எல்லைல சூளூர்பேட்டையில 2019ல திறந்தாங்க. அகலம் 100 அடிக்கு மேல.

மஞ்சக்குப்பம்

ஆபரேட்டர் ரூம் பக்கத்துலேருந்து சில விஷயம்.

2டி படத்துக்குத் திரை நடுவுல 14 ஃபுட்-லேம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கற அலகு) வெளிச்சம் இருக்கணும்கறது கணக்கு. 3டியில கண்ணாடி வழியா வந்து சேரறது நாலோ அஞ்சோதான். லேசர் இல்லாத புரொஜெக்டர்ல இருக்கற செனான் பல்பு பழசாக ஆக உள்பக்கக் கண்ணாடி கறுத்து வெளிச்சம் குறையும், கடைசியில மினுக்கும். லேசருக்கு அந்தத் தொல்லை கிடையாது, 20,000 மணி நேரத்துக்கு மேல வரும். ஆனா புதுப்பிச்ச மல்டிபிளெக்ஸ்னா எல்லா ஸ்கிரீன்லயும் லேசர் மாத்திட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. பெரும்பாலும் பெரிய ஆடி ரெண்டு மூணுலதான் மாத்துவாங்க.

பார்க்கறவங்க எப்படிக் கண்டுபிடிக்கறது? விளம்பரத்தை வச்சுப் படத்தை எடை போடாதீங்க, அதோட தரமே வேற. சென்சார் சர்டிபிகேட் வரும் பாருங்க, 10 செகண்ட் அசையாம நிக்கும். அதுக்கு மேல நல்ல டெஸ்ட் ஸ்லைடு கிடையாது. நடுவுல வெள்ளையா, ஓரம் மங்கலா இருந்தா அது 3டிக்குப் போட்ட சில்வர் ஸ்கிரீன், நடு சீட்டை விட்டு நகர நகர இன்னும் இருட்டும். நடு எழுத்து கூர்மையா இருந்து மூலை எழுத்து கலங்கியிருந்தா லென்ஸ் ஃபோகஸ் சரியில்ல. அதுக்கப்புறம் 'புகை பிடித்தல் புற்றுநோயை உண்டாக்கும்'னு கீழே வெள்ளை எழுத்து வரும்போது ஓரத்தை உத்துப் பாருங்க. ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் நீலமுமா கோடு கசிஞ்சா கன்வர்ஜென்ஸ், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூணும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா விழறது, விலகியிருக்கு. எழுத்தே ரெட்டையாத் தெரிஞ்சா, ரெண்டு புரொஜெக்டர் சேர்ந்து ஓடற இடத்துல ஒண்ணு நகர்ந்திருக்கு. கறுப்புப் பின்னணியில வெள்ளை எழுத்தைச் சுத்திப் புகை மாதிரி ஒளி வட்டம் வந்தா பெரிய கோளாறு ஒண்ணும் இல்ல, புரொஜெக்டர் ரூம் ஜன்னல் கண்ணாடியில தூசி. துணி வச்சுத் துடைச்சாப் போச்சு, துடைக்கத்தான் ஆள் வரமாட்டான்!

வானம், வெள்ளைச் சுவர் இருக்கற காட்சியில மணல் தூவின மாதிரி மினுமினுன்னு இருந்தா, சில்வர் ஸ்கிரீன்ல ஆர்ஜிபி லேசர் (சிவப்பு, பச்சை, நீலம் மூணும் தனித்தனி லேசர்) விழறதால வர்றது. பல்பைப் பழி சொல்லாதீங்க.

சவுண்டுக்கு வருவோம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற ஃபேடரை 7ல வச்சாத்தான் மிக்ஸ் பண்ணவங்க கேட்ட அளவு. கூட்டத்துல நாலு பேர் காதைப் பொத்தினா 5க்கு இறக்கிடுவாங்க. ஒரு படிக்கு 3.3 டெசிபல், ரெண்டு படிக்குக் கிட்டத்தட்ட 7. அடிக்கற சத்தம் தாங்கற அளவுக்கு வந்துடும், ஆனா முணுமுணுப்பு வசனம் காணாமப் போயிடும். 'வசனம் புரியலை'ங்கற புகார்ல பாதி இதுதான்.

முத்தியால்பேட்டை

சீட்டைப் பத்தி. ரிக்ளைனர் (பட்டனை அமுக்கினா சாயற சீட்டு) போட்டா வரிசைக்கு வரிசை இடைவெளி கூடும், அதனால ஆடியோட சீட்டு எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகும். இருக்கைதான் மாறினது, படிக்கட்டு உயரத்தை மாத்தலைன்னா ஒரு சிக்கல் இருக்கு. முழுசாச் சாய்ஞ்சா உங்க கால் பாதமே திரையோட அடிப்பக்கத்தை, அதாவது சப்டைட்டில் இருக்கற இடத்தை மறைக்கும். காலை முழுசா நீட்டிட்டு முதுகை முக்கால்வாசி மட்டும் சாய்ச்சா தெரியும். தலைக்குப் பின்னாடி உயரமான மெத்தை நிக்கறதால பின் சுவர் ஸ்பீக்கர் மழுங்கிக் கேக்கும். அட்மாஸ் படத்துக்குத் தலையைக் கொஞ்சம் முன்னாடி எடுத்துப் பாருங்க, வித்தியாசம் அப்பவே தெரியும்.

எந்த வரிசை? திரையிலேருந்து பின் சுவர் வரைக்கும் உள்ள தூரத்துல மூணுல ரெண்டு பங்கு, நடுவுல. சவுண்டை ட்யூன் பண்றவங்க மைக் வைக்கறதும் ஏறக்குறைய அங்கதான். தூரக் கணக்கு வேணும்னா, திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி உக்காந்தா ஏறக்குறைய 37 டிகிரி கோணம் கிடைக்கும். ஐமேக்ஸுக்கு அகலம் எவ்வளவோ அதே தூரம் இருந்தாலும் நல்லாத்தான் இருக்கும், 3டின்னா ரெண்டு வரிசை பின்னாடி போங்க. கடைசி வரிசை வேண்டவே வேண்டாம், காதுக்குப் பக்கத்துலயே சரவுண்ட் ஸ்பீக்கர் கத்தும்.

திருப்பாதிரிப்புலியூர்

போற வழி. ஈசிஆர் பஸ்ஸுன்னா திருவான்மியூர்ல இறங்குங்க, அங்கேருந்து பறக்கும் ரயில்ல தரமணி, பெருங்குடி, அடுத்தது வேளச்சேரி. ஃபீனிக்ஸுக்கு அங்கேருந்து ஆட்டோ. வடபழனிக்கு மெட்ரோ ஸ்டேஷன் இருக்கு, கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு ஸ்டேஷன்லேருந்து ரெண்டாவது நிறுத்தம். திண்டிவனம் வழி வர்ற பஸ் கிளாம்பாக்கத்தோட நின்னுடும். 2023 கடைசியில அந்த நிலையம் திறந்ததுலேருந்து கடலூர்க்காரங்க ஊருக்குள்ள வந்து சேர ஒரு மணி நேரம் கூடத்தான் வைக்கணும். பேருக்குப் பெரிய திரை வேணாம், நல்ல ஸ்கிரீன் போதும்னா ஈசிஆர்லயே கானாத்தூர்ல மாயாஜால் இருக்கு, சிட்டிக்குள்ள நுழையவே வேணாம்.

மதியக் காட்சியைப் போடுங்க. மூணு மணி நேரப் படம், இன்டர்வெல், விளம்பரம் எல்லாம் சேர்த்தா மூணே முக்கால் ஆகும்.

முதலியார்பேட்டை

குழந்தையோட போறவங்களுக்கு: 'ஏ' படத்துக்கு அப்பா அம்மா கூட இருந்தாலும் 18 ஆகாதவங்களை வாசல்லயே நிறுத்திடுவாங்க, 150 கிலோமீட்டர் வந்தோம்னாலும் விட மாட்டாங்க. யு/ஏ இப்போ 7, 13, 16ன்னு மூணாப் பிரிஞ்சிருக்கு, அதுக்குப் பெத்தவங்க கூட வந்தாப் போதும். வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டுன்னு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில சொல்லிடுச்சு. ஆனா குடிதண்ணி இலவசமாத் தரணும், கைக்குழந்தைக்குத் தேவையான சாப்பாட்டைக் கொண்டு போகலாம். பாட்டில் தண்ணிதான்னு கவுன்ட்டர்ல சொன்னா குடிதண்ணிக் குழாய் எங்கன்னு கேளுங்க.

4டிஎக்ஸ்ல சீட்டு உலுக்கும், காத்தடிக்கும், தண்ணி தெளிக்கும். தண்ணியை நிறுத்தக் கைப்பிடியில பட்டன் இருக்கும், உக்காந்ததும் தேடிக்கங்க. முதுகுவலி, இதய நோய் உள்ளவங்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்கணும். வாய் வரைக்கும் நிரப்பின பாப்கார்ன் வாங்காதீங்க, முதல் சண்டையிலயே மடியில கொட்டும்.

மஞ்சக்குப்பம்

படமோ சவுண்டோ சரியில்லைன்னா புகார் எப்படிச் சொல்றதுன்னு பார்ப்போம். முதல் 15 நிமிஷத்துக்குள்ள எழுந்து போங்க, இன்டர்வெல் வரைக்கும் காத்திருந்தா பாதிப் படம் போயிடும். டார்ச் அடிக்கற பையன்கிட்ட 'படம் நல்லால்ல'ன்னா வேலைக்கு ஆகாது. டூட்டி மேனேஜர் யாருன்னு கேட்டு, 'வலது பக்கம் கீழ் மூலை ஃபோகஸ் இல்ல'ன்னோ 'ஃபேடர் எத்தனையில இருக்கு'ன்னோ குறிப்பாச் சொல்லுங்க. ஃபேடரை ஓடும்போதே ஏத்திடலாம், ஃபோகஸும் நிறைய மெஷின்ல அப்படியே சரி பண்ணலாம். ரெட்டை புரொஜெக்டர் விலகினது ஓடற ஷோவுல சரியாகாது, வேற காட்சிக்கு மாத்திக் கேளுங்க.

முத்தியால்பேட்டை

ஒண்ணு விட்டுப் போச்சு. ரிக்ளைனர் இடுக்குல போன் விழுந்துட்டா பட்டனை அமுக்கவே கூடாது. சாய்ஞ்சிருக்கற சீட்டை நிமித்தினா அடியில கத்தரிக்கோல் மாதிரி மடங்கற இரும்புக்கு நடுவுல மாட்டி நொறுங்கும், பேட்டரி நசுங்கினா தீப்பிடிக்கும். சீட்டு எப்படி இருக்கோ அப்படியே விட்டுட்டு இறங்கி, வேற யாரையும் உக்கார விடாம, ஆளைக் கூப்பிடுங்க. கரன்ட்டை நிறுத்திட்டுக் கீழேருந்து எடுத்துக் கொடுப்பாங்க.