ஃபார்முலா டப்பால "ப்ரீபயாட்டிக்"னு போட்டிருக்கே, நெஜமாவே யூஸ் இருக்கா?

குட்டிம்மா_அம்மா:
பொண்ணுக்கு 3 மாசம் ஆகுது, பால் பத்தலைன்னு டாக்டர் ஃபார்முலாவும் சேர்த்து குடுக்க சொன்னாங்க, அதுலேர்ந்து மோஷன் கெட்டியா போகுது, முக்கி முக்கி முகமே செவந்துடுது பாவம். இன்னொரு டப்பால ஜிஓஎஸ் எஃப்ஓஎஸ் ப்ரீபயாட்டிக் இருக்குன்னு பாத்தேன். அது நல்ல பாக்டீரியாவா? மாத்திடலாமா?

ராத்திரி_முழிப்பு:
இல்ல சிஸ், நல்ல பாக்டீரியாவையே சேர்த்தா அது ப்ரோபயாட்டிக். ப்ரீபயாட்டிக்ங்கறது அந்த பாக்டீரியாவுக்கு போடற சாப்பாடு. தாய்ப்பால்ல லாக்டோஸ், கொழுப்புக்கு அடுத்தபடியா இருக்கறதே ஹெச்எம்ஓங்கற சர்க்கரைச் சங்கிலிதான், லிட்டருக்கு 5லேர்ந்து 15 கிராம் வரை இருக்கும். கூத்து என்னன்னா குழந்தையால அதை செரிக்கவே முடியாது, நேரா பெருங்குடலுக்கு போயிடும், அங்க பிஃபிடோபாக்டீரியாங்கற நல்ல பாக்டீரியா அதை தின்னுட்டு அமிலத்த விடும், அந்த புளிப்புல கெட்ட கிருமி நிறைய வளர முடியாது. ஃபார்முலா செய்யற பசும்பால்ல இந்த சமாச்சாரம் ரொம்ப கம்மி, அதான் பவுடர்ல அதுக்கு பதிலா ஜிஓஎஸ், எஃப்ஓஎஸ்ங்கற வேற சர்க்கரைச் சங்கிலிய சேர்க்கறாங்க. ஜிஓஎஸ் லாக்டோஸ்லேர்ந்து செய்யறது, எஃப்ஓஎஸ் செடிலேர்ந்து வர்றது. ஹெச்எம்ஓ மாதிரி வேலை செய்யும், ஆனா அதுவே இல்ல.

ரெட்டை_வால்_அப்பா:
மேல சொன்னது சரிதான், ஆனா டப்பா விளம்பரத்த முழுசா நம்பாதீங்க. மோஷன் கொஞ்சம் இளகும், பிஃபிடோ கூடும், இதெல்லாம் ஆராய்ச்சில பாத்திருக்காங்க. ஐரோப்பிய குழந்தை குடல்நல டாக்டர்ஸ் அமைப்பு எஸ்பகான் 2011லயே இது சேர்த்த ஃபார்முலாவால ஆபத்து தெரியல, ஆனா எல்லா குழந்தைக்கும் வழக்கமா குடுங்கன்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லன்னுதான் சொன்னாங்க. அது கெடக்கட்டும், நீங்க பவுடர் எப்படி அளக்கறீங்க? தண்ணிய மொதல்ல அளந்துட்டுதானே போடறீங்க?

குட்டிம்மா_அம்மா:
ஐயோ, ஸ்கூப்ல அமுக்கி கோபுரமா போடறேனே!! திக்கா இருந்தாதான் வயிறு ரொம்பும்னு அம்மா சொன்னாங்க 🙈

ரெட்டை_வால்_அப்பா:
அதான் விஷயம் போல. தலை தட்டி போடணும்ங்க, டப்பால எழுதின அளவுக்கு மேல ஒரு சிட்டிகை கூட வேண்டாம், தண்ணி கம்மியானா மோஷன் இறுகத்தான் செய்யும். 70 டிகிரிக்கு குறையாத தண்ணில கலக்கி அப்புறம் ஆற வச்சு குடுங்க.

ராத்திரி_முழிப்பு:
மொதல்ல அளவ சரி பண்ணி பாருங்க சிஸ், டப்பா மாத்தறத டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்ங்க. ஆனா மோஷன்ல ரத்தம், பச்சையா வாந்தி, வயிறு உப்பி கல்லு மாதிரி இருந்தா இங்க கேட்டுட்டு உக்காராதீங்க, உடனே தூக்கிட்டு ஓடுங்க.