வங்கி லேர்னர்ஷிப் 12 மாதம்: உள்ளே என்னதான் நடக்கும்?

ஃபீனிக்ஸ்_வாசுகி:
வணக்கம். தங்கச்சி மேட்ரிக் (12ஆம் வகுப்பு) முடித்திருக்கிறாள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு வங்கியில் 12 மாத லேர்னர்ஷிப் (வேலையோடு சேர்ந்த பயிற்சி) கிடைத்திருக்கிறது, என்.கியூ.எஃப் 5 (தேசியத் தகுதிப் படிநிலையில் ஐந்தாம் நிலை). கிளையில் வேலை, இடையிடையே வகுப்பு என்று கடிதம் சொல்கிறது. வீட்டில் "ஜெராக்ஸ் எடுக்கத்தான் வைத்திருப்பார்கள்" என்கிறார்கள். கிளையில் உண்மையில் என்ன வேலை? சான்றிதழ் எதை வைத்துத் தருவார்கள்? முடிந்ததும் வேலை உண்டா? அந்தத் துறையில் இருப்பவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

தோங்காட்_செல்வம்:
ஜெராக்ஸும் உண்டு, அது மட்டும் இல்லை. ஆரம்ப வாரங்கள் நின்றே கழியும்: வரிசையைப் பிரித்து விடுவது, வங்கி ஆப்பை இறக்கிக் கொடுப்பது, ஏ.டி.எம் பக்கம் தடுமாறும் பெரியவர்களைக் கவனிப்பது. 25ஆம் தேதி சம்பளக் கூட்டம், அது ஓய்வதற்குள் மாதத் தொடக்கத்தில் சாசா (அரசு சமூகநல நிறுவனம்) உதவித்தொகைக் கூட்டம். நல்ல ஷூ ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கவுன்டரில் உட்கார வைத்தால் ஒரே கணக்குதான்: மாலையில் பெட்டியில் இருக்கும் பணமும் சிஸ்டம் காட்டும் தொகையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் புதுசாக வந்தவர்கள் பணத்தையே திரும்பத் திரும்ப எண்ணுவார்கள். அதற்கு முன் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 350 ரேண்ட் டெபாசிட்டை 530 என்று அடித்தால் பெட்டியில் 180 குறையும். வித்தியாசம் இரட்டைப்படையாக இருந்தால் அதில் பாதித் தொகையை அன்றைய பட்டியலில் தேடுங்கள்: 90 ரேண்ட் டெபாசிட்டை வித்ட்ராவல் என்று பதிந்தாலும் அதே 180தான், ஆனால் இம்முறை பெட்டியில் கூடுதலாக நிற்கும். சரியாக 100 குறைந்தால் 100 ரேண்ட் கட்டுக்குள் ஒரு 200 தாள் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். 100 தாளுக்கு ஒரு கட்டு, எல்லாத் தாளிலும் மண்டேலா முகம் ஒரே பக்கம். இப்படி அடுக்கினால் ஆரஞ்சு நிறத் தாள் நீலத்துக்குள் ஒளிய முடியாது.

சாயம் பட்ட தாளை வாங்கவே கூடாது. பணவண்டிக் கொள்ளையில் பெட்டிக்குள் சாயம் சிதறிய தாளுக்கு ரிசர்வ் வங்கி மதிப்புத் தராது. கிழிந்த தாளின் கதை வேறு, அதற்கு வழி இருக்கிறது. சாயத் தாளைத் தெரியாமல் வாங்கினால் அது டெல்லர் (கவுன்டர் காசாளர்) கணக்கில் குறையாக விழும்.

அடுத்து ஃபிகா, அதாவது கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் சட்டம். 49,999.99 ரேண்டுக்கு மேல் ரொக்கம் வந்தாலோ போனாலோ 3 வேலை நாளுக்குள் எஃப்.ஐ.சி என்ற அரசு நிதிப் புலனாய்வு மையத்துக்கு அறிக்கை போக வேண்டும் (2022 நவம்பர் வரை வரம்பு 24,999.99). "எவ்வளவு கட்டினால் ரிப்போர்ட் போகாது?" என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியையே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். சந்தேக அறிக்கை போனது பற்றி வாடிக்கையாளர் காதில் போட்டால் அதுவே குற்றம். 2023 பிப்ரவரியில் நாடு எஃப்.ஏ.டி.எஃப் என்ற சர்வதேசக் கண்காணிப்பு அமைப்பின் சாம்பல் பட்டியலில் (கூடுதல் கண்காணிப்பில் உள்ள நாடுகள்) ஏறி 2025 அக்டோபரில்தான் இறங்கியது, அதனால் கிளைகளில் இந்த விஷயத்தில் இப்போது ரொம்பவே கெடுபிடி.

அடையாள எண்ணைப் படிக்கவும் அவள் பழக வேண்டும். 13 இலக்கத்தில் முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 4 இலக்கம் 5000க்குக் கீழ் என்றால் பெண், 5000 முதல் ஆண். 11ஆவது இலக்கம் 0 என்றால் குடிமகன், 1 என்றால் நிரந்தரக் குடியிருப்பு. எதிரில் நிற்பவரோடு இது பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

மதிப்பீட்டாளர்_உமா:
செல்வம் அண்ணா சொன்ன வேலையெல்லாம் நன்றாகச் செய்தும் சான்றிதழ் இல்லாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் ஃபைல். போர்ட்ஃபோலியோ ஆஃப் எவிடன்ஸ் என்று, செய்த வேலைக்கான ஆதாரங்களைச் சேர்த்து வைக்கும் தடித்த ஒரு கோப்பு. இதில் மார்க் கிடையாது, "தகுதி பெற்றவர்" அல்லது "இன்னும் இல்லை", அவ்வளவுதான்.

வழக்கமாகச் சிக்குவது லாக்புக்கில், அதாவது செய்த வேலைகளை எழுதி வைக்கும் பதிவேட்டில். பத்தாம் மாதம் உட்கார்ந்து ஒரே பேனாவில், ஒரே நாளில், முழு ஆண்டையும் நிரப்புவார்கள். அதற்குள் கையெழுத்துப் போட வேண்டிய சூப்பர்வைசர் வேறு கிளைக்கு மாறியிருப்பார். வெள்ளிக்கிழமைதோறும் எழுதி அன்றே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கறுப்பு மையில் எழுதட்டும். சிவப்பு மதிப்பீட்டாளருக்கு, பச்சை மாடரேட்டருக்கு (மதிப்பீட்டைச் சரிபார்ப்பவர்). திப்பெக்ஸ் (வெள்ளைத் திருத்த மை) கூடாது, தப்பை ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையொப்பம் இடலாம். அடையாள அட்டை நகலில் சான்றொப்பம் 3 மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே போட்டுத் தருகிறார்கள்.

ஆதாரமாக ஸ்கிரீன் பிரிண்ட் வைக்கும்போது வாடிக்கையாளர் பெயர், கணக்கு எண், அடையாள எண் மூன்றையும் கறுப்பு மார்க்கரால் அடித்து, அடித்த தாளை மறுபடி நகலெடுத்து அந்த நகலைத்தான் வைக்க வேண்டும். நேரடியாக அடித்த தாளை வெளிச்சத்தில் பிடித்தால் எண் தெரியும். போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. செல்போனில் ஸ்கிரீனைப் படம் எடுப்பது அதைவிட மோசம், வேலையே போகும்.

இன்னொன்று, வாசுகி: ஒப்பந்தத்தில் தகுதியின் பெயரைப் பாருங்கள். பழைய செட்டா (துறைவாரிப் பயிற்சி ஆணையம்) தகுதிகளுக்குச் சேர்க்கை 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. இப்போது சேர்பவர்களுக்கு கியூ.சி.டி.ஓ (தொழில் தகுதிகளுக்கான தேசியக் குழு) பதிவு செய்த தகுதியாக இருக்க வேண்டும். அதில் கோப்பு முடிந்தாலும் ஐசா என்ற வெளித் தேர்வைத் தாண்டினால்தான் சான்றிதழ். அந்தத் தேர்வு எப்போது, கட்டணம் யார் பொறுப்பு என்பதை இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

ஃபீனிக்ஸ்_வாசுகி:
ரொம்ப நன்றி. கையெழுத்துப் போடும் முன் வேறு என்ன பார்க்க வேண்டும்? நிதி ஆலோசனை சொல்பவர்களுக்கான ஆர்.ஈ.5 பரீட்சை எழுதணுமா?

சாட்ஸ்வொர்த்_கணக்கன்:
ஒப்பந்தத்தில் மூன்று தரப்புக் கையெழுத்து இருக்கும்: அவள், வங்கி, பயிற்சி நிறுவனம். அது வங்கித்துறை செட்டாவில் பதிவாக வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

வேலை விஷயத்தில் கூசாமல் சொல்கிறேன், உத்தரவாதம் கிடையாது. வருமான வரிச் சட்டம் 12எச் பிரிவின்படி என்.கியூ.எஃப் 1 முதல் 6 வரை ஒரு பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு 40,000 ரேண்ட் வரிக்கழிவு, அவர் முடித்தால் இன்னொரு கழிவு. அந்தக் கணக்கு முடித்தவரை வைத்துக்கொள்வதற்கு இல்லை, அடுத்த ஆளை எடுப்பதற்குத்தான் சாதகம். போன அணியில் எத்தனை பேரை நிரந்தரமாக்கினார்கள் என்று நேர்காணலிலேயே கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒன்பதாம் மாதத்திலிருந்து வங்கிக்குள் வரும் வேலை அறிவிப்புகளுக்கு விண்ணப்பம் போட ஆரம்பிக்க வேண்டும்.

கிரெடிட் ரிப்போர்ட் (கடன் வரலாறு) பார்ப்பார்கள். பணம் புழங்கும் வேலைக்கு அதைப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். துணிக்கடை அக்கவுன்ட் பாக்கி இருந்தால் இப்போதே கட்டிவிடட்டும்.

ஆர்.ஈ.5 டெல்லர் வேலைக்குத் தேவைப்படாது. முதலீடு, ஆயுள் காப்பீடு பற்றி ஆலோசனை சொல்லும் பதவிக்குப் போனால் வேண்டும்: 50 கேள்வி, 2 மணி நேரம், 33 சரியாக வேண்டும், நியமன நாளிலிருந்து 2 ஆண்டுக்குள். கேள்வியெல்லாம் நிதி ஆலோசனையை ஒழுங்குபடுத்தும் ஃபெய்ஸ் சட்டத்தைச் சுற்றியே வரும், கணக்கு கிட்டத்தட்ட இல்லை.

தைப்பூசக் காவடிக்கு லீவு வேண்டுமென்றால் முன்னதாகவே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அது பொது விடுமுறை இல்லை, ஆண்டு விடுப்பில்தான் கழியும். மாதக் கடைசியில் விழுந்தால் மேனேஜர் லேசில் விடமாட்டார்.