மறு: அப்டேட்டே கணினியை முடக்கினால் அதற்கு என்ன சொல்?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

> ‘கணினிச் செயலிழப்பு’ என்றே எழுதிவிடலாமே, புதுச் சொல் எதற்கு?

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கேரளத்தில், தமிழக எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் கணினி பழுது பார்ப்பது என் தொழில். தமிழ் பேசும் வீடுகளிலும் இங்கே ‘கம்ப்யூட்டர் கேடாயிருச்சு’ என்றுதான் சொல்வார்கள். பக்கத்து மலையாளம் ஒட்டிக்கொண்டது. சென்ற மழைக்காலத்தில் தேங்காய் மண்டிக் கணக்கர் ஒருவர், சிபியூவைத் துண்டில் சுற்றி வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். போட்டால் நீலத் திரை, தானாக அணைந்து எழும், மறுபடியும் நீலத் திரை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதிதுதான் போடணும் என்று வேறொரு கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறந்து பார்த்தேன். முந்தின இரவு ஆன்டிவைரஸுக்கு ஒரு அப்டேட் இறங்கியிருந்தது. ஆன்டிவைரஸைக் கழற்றியதும் கணினி எழுந்துவிட்டது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆறு வருடக் கணக்கும் அப்படியே இருந்தது. ‘செயலிழப்பு’ என்று எழுதினால் பழி கணினியின் மேல் விழும். அப்டேட் செய்த வேலை இது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

நம் குழுவில் அக்கா ஒருவர் இதற்குச் சொன்ன ‘வேலிமேய்வு’ அழகான சொல். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸின் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பிக்குச் சொந்தமான எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று பிடித்ததே, அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். நெட்வொர்க் அறுந்து, கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. காவலுக்கு நின்ற வேலிதான் பயிரை மேய்ந்தது. ஆனால் 2024 ஜூலை 19 அன்று நடந்தது வேறு. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் அன்று எதையும் வைரஸ் என்று தவறாகப் பிடிக்கவில்லை. அப்டேட்டில் புதிதாக வந்த கோப்பைப் படிக்கையில் கிரவுட்ஸ்ட்ரைக்கின் நிரல் நினைவகத்தில் எல்லை தாண்டிப் போய் விழுந்தது. விண்டோஸின் உட்கருவான கெர்னலுக்குள் ஓடும் நிரல் என்பதால் விண்டோஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. இங்கே வேலி மேயவில்லை, பயிர் மேலேயே சாய்ந்துவிட்டது. கோளாறான கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, சுமார் 85 லட்சம் கணினிகள் சிக்கிவிட்டன. அவற்றில் பலவற்றை ஆள் நேரில் போய் ஒவ்வொன்றாகத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆகவே வேலிமேய்வை 2010 வகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் பொதுவாக நான் சொல்வது ‘முடக்கிற்றை’. முடக்கு, இற்றை (அதாவது அப்டேட்) இரண்டும் சேர்ந்தது. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை; நேற்று முடக்கியதும் இன்று முடக்குவதும் நாளை முடக்கப்போவதும் அதற்குள் அடங்கும். ‘புதுப்பிப்பு’ வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. ஆன்டிவைரஸில் புதுப்பிப்பு என்றதுமே ஆட்கள் வருடச் சந்தாவைத்தான் நினைக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் வரும் ‘கேடு’ என்பதை வைத்துக் ‘கேட்டிற்றை’ என்றும் யோசித்தேன். காதால் கேட்டது போல ஒலித்தது, விட்டுவிட்டேன்.

அந்தக் கணக்கருக்குக் கொடுத்த ரசீதில் ‘சர்வீஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று மண்டி முதலாளி அவரைத் துருவித் துருவிக் கேட்டாராம். இனி ரசீதில் ‘முடக்கிற்றை நீக்கம், பாகம் எதுவும் மாற்றவில்லை’ என்று எழுதப் போகிறேன். அச்சடிக்கக் கொடுப்பதற்குள், இதைவிட எளிதாக வாயில் வரும் சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.