மீன்தொட்டிக்குள் வந்த நத்தை: ஒழிப்பதா, வைத்திருப்பதா?

பாசிக்கொடி:
புதிய செடிகளோடு ஒட்டிக்கொண்டு வந்த நத்தைகள் இரண்டே மாதங்களில் கண்ணாடி முழுவதும் பரவிவிட்டன. இலைகளிலும் ஓட்டைகள் விழுகின்றன. நத்தையின் மேலோட்டைப் பார்த்தேன், வலம்புரிதான்; ஆகவே இவை செடி தின்னும் குளத்து நத்தைகளே. செம்பு கலந்த மருந்தை ஊற்றிவிடலாம் என்றிருக்கிறேன்.

கூர்முனை:
மருந்தைத் திறக்குமுன், எப்படிப் பிடித்துப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். சங்கை வலம்புரி என்பது கூர்முனையைக் கீழே வைத்துப் பார்க்கும் கணக்கு. நத்தைக்கோ கூர்முனை மேலே இருக்க, ஓட்டின் திறந்த வாய் நம்மை நோக்க வேண்டும். அப்போது வாய் வலப்பக்கம் இருந்தால் லிம்னியா எனும் குளத்து நத்தை, இடப்பக்கம் இருந்தால் ஃபைசா எனும் வேறொரு நத்தை. லிம்னியாவின் உணர்கொம்பு அகன்ற முக்கோணமாகவும் ஃபைசாவினுடையது நூல்போலவும் இருக்கும். ஃபைசா பாசியையும் அழுகிய இலையையும் மேயுமே தவிர, நல்ல இலையைப் பெரும்பாலும் தொடாது. பழைய இலைகளில் மட்டும் ஓட்டை விழுந்தால் பொட்டாசியக் குறைவையும் சந்தேகியுங்கள்.

ஓடையோரம்:
நத்தை குற்றமற்றது என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்கவில்லை. என் தொட்டியில் 4 செ.மீ. வளர்ந்த லிம்னியா ஸ்டாக்னாலிஸ் ஒன்று, இளந்தளிரை விளிம்பிலிருந்து அரம்போல் அராவித் தின்றதைக் கண்ணெதிரே பார்த்தவன் நான்.

கூர்முனை:
அது லிம்னியா, நான் பேசியது ஃபைசாவைப் பற்றி. ஆனால் எதுவானாலும் செம்பு வேண்டாம்: இறால்களும் மடியும், செத்த நத்தைகள் அழுகி அம்மோனியா ஏறும்.

பாசிக்கொடி:
மறுபடி பார்த்தேன், வாய் இடப்பக்கம், கொம்பும் நூல்தான். இனத்தைத் தவறாகச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எண்ணிக்கைக்கு என்ன பதில்? ஆடுமாடுகளைத் தாக்கும் கல்லீரல் புழுவும் நத்தை வழியாகத்தானே பரவுகிறது?

கூர்முனை:
அந்தப் புழுவைச் சுமப்பவை லிம்னியா குடும்பத்தவை. அவையும் கால்நடைச் சாணம் கலந்த நீரில் வாழ்ந்தால்தான் தொற்றைப் பெறும். எண்ணிக்கையைப் பெருக்குவது மீன்கள் மிச்சம் வைக்கும் தீனி. ஃபைசா தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளக்கூடியது என்பதால் ஒன்று தப்பினாலும் போதும். தீனியைக் குறைக்காமல் கொல்வது வீண்வேலை. இரவில் ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டு, காலையில் அதில் மொய்த்தவற்றோடு எடுங்கள். குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஓடையோரம்:
வெள்ளரியோடு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் முட்டைக் கூழையும் வழித்தெடுங்கள்; அதை விட்டுவிட்டால் அடுத்த தலைமுறை தயார்.

பாசிக்கொடி:
இன்றிரவு வெள்ளரி போடுகிறேன். மருந்துப் புட்டி அலமாரியில்தான் இருக்கிறது. ஒரு மாதம் கழித்தும் கண்ணாடி இப்படியே இருந்தால் இதே உரையாடல் இழைக்கு வருவேன்.