வேன் ஆயாம்மாவுக்கு டிபியாம், பொண்ண ஸ்கூலுக்கு அனுப்பலாமா?

மூணாங்கிளாஸ்_அம்மா:
ராத்திரி பதினோரு மணிக்கு தூக்கம் வராம டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. என் பொண்ணு மூணாவது படிக்கிறா, ஸ்கூல் வேன்லதான் போறா, போக முக்கா மணி நேரம் வர முக்கா மணி நேரம். அந்த வேன்ல வர்ற ஆயாம்மா ரெண்டு மாசமா இருமிட்டே இருந்தாங்க, கேட்டா "தூசி ஒத்துக்கல கண்ணு"ன்னு சிரிப்பாங்க, நானும் அப்படியே விட்டுட்டேன். இப்ப சளி டெஸ்ட்ல டிபின்னு வந்துடுச்சாம். ஸ்கூல்ல இருந்து ஒரு வார்த்தை இல்ல, டிரைவர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். பேரண்ட்ஸ் குரூப்ல ஒரே ரகளை, ஆயாம்மாவ வேலைய விட்டு தூக்கணும்னு ஒரு பக்கம், வேன டெட்டால் போட்டு கழுவணும்னு ஒரு பக்கம். இவ அந்தம்மா மடியிலதான் தூங்கிட்டே வருவா, அவங்க பாட்டில்ல தண்ணி வேற குடிச்சிருக்கா. வீட்டுல ரெண்டு வயசு பையன் இருக்கான், மாமியாருக்கு சுகர். இப்ப நான் என்னதான் பண்றது?

டிபி_யூனிட்_ஆளு:
சிஸ் முதல்ல தண்ணி பாட்டில் பயத்த விடுங்க. டிபி எச்சில்ல, தட்டுல, சீட்டுல ஒட்டிக்கிட்டு வராது, காத்துலதான் வரும். நுரையீரல்ல டிபி இருக்கறவங்க இருமும்போது வெளிய வர்ற கிருமி மூடின இடத்துல மணிக்கணக்கா மிதக்கும், அத மூச்சுல இழுத்தாதான் தொத்தும். அதனால டெட்டால் ஊத்தி பிரயோஜனம் இல்ல. மழைன்னு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு தினம் ஒன்றரை மணி நேரம், அதுதான் உங்க கேஸ்ல கவனிக்க வேண்டியது.
அதனால வேன்ல போன பிள்ளைங்க எல்லாருக்கும் செக்கப் வேணும், மொத்த ஸ்கூலுக்கும் அவசியமில்ல. 2 வாரத்துக்கு மேல இருமல், விட்டு விட்டு காய்ச்சல், எடை ஏறாம நிக்கிறது இல்ல குறையிறது, கழுத்துல நெறி கட்டுறது, முன்ன மாதிரி ஓடி ஆடாம சோர்ந்து கிடக்கறது, இதெல்லாம் கேட்பாங்க, எக்ஸ்ரே எடுப்பாங்க. சின்ன புள்ளைங்களுக்கு சளிய காறித் துப்ப தெரியாது, முழுங்கிடுங்க, அதனால தேவைப்பட்டா காலைல வெறும் வயித்துல மூக்கு வழியா டியூப் விட்டு வயித்துல இருந்து எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க, பாக்க கஷ்டமா இருக்கும், பயப்படாதீங்க. கையில ஊசி போட்டு தடிப்பு பாக்கற மாண்டூ டெஸ்ட் இப்ப நெகட்டிவ்னா அதோட முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, கிருமி உள்ள போய் அது காட்ட 2 மாசம் வரை ஆகலாம், திரும்ப எப்ப பாக்கணும்னு டாக்டர கேளுங்க.
கிருமி உள்ள போன எல்லாருக்கும் நோய் வராது, பல பேருக்கு அப்படியே தூங்கிட்டு கிடக்கும். வராம தடுக்க மாத்திரையும் இருக்கு, ஆனா ஏற்கனவே டிபி இல்லன்னு உறுதி பண்ணாமத் தரமாட்டாங்க. ஆயாம்மா வீட்டு ஆளுங்களுக்கு அது கட்டாயம் பாப்பாங்க, வேன் பிள்ளைங்கள்ல யாருக்குன்னு டாக்டர் முடிவு பண்ணுவாரு. எல்லாமே ஜிஹெச்ல, பிஹெச்சில ஃப்ரீ. அதுவரைக்கும் மெடிக்கல்ஷாப்ல இருமல்னு சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கி கொடுத்துடாதீங்க, சிலது டிபிய அரைகுறையா அமுக்கி டெஸ்ட்ட குழப்பிடும்.
பொண்ணு நல்லா இருந்தா ஸ்கூலுக்கு தாராளமா அனுப்பலாம்.

கோபக்கார_அப்பா:
ஃப்ரீ கிளாஸ் எடுக்கறது ஈசி சார், உங்க புள்ளைய அந்த வேன்ல ஏத்துவீங்களா? ரெண்டு மாசம் இருமினவங்கள வேலைக்கு வச்ச ஸ்கூல யாரு கேக்கறது? அப்புறம் எல்லா புள்ளைக்கும் பிறந்ததும் பிசிஜி போட்டுத்தானே வந்திருக்கோம், அது எதுக்கு, கையில தழும்பு காட்டவா?

டிபி_யூனிட்_ஆளு:
ஸ்கூல கேக்கணும், அதுல நானும் உங்க கட்சிதான். பிசிஜி குழந்தைங்களுக்கு மூளைக்காய்ச்சல் மாதிரி மோசமான டிபி வராம காக்கறதுல கெட்டி, நுரையீரல் டிபிய முழுசா தடுக்காது. ஏத்துவேனான்னு கேட்டீங்க, அந்தம்மா மாத்திரைய ஒழுங்கா போட ஆரம்பிச்சு டாக்டர் சரின்னு சொன்ன அப்புறம் ஏத்துவேன், மாத்திரைக்கு கேக்கற சாதா டிபின்னா பொதுவா 2 வாரத்துலயே பரவுறது ரொம்ப குறைஞ்சிடும். மாத்திரை 6 மாசம் நிறுத்தக் கூடாது, அது வேற.

சாக்பீஸ்_டீச்சர்:
இத நான் எங்கயும் எழுதினதில்ல. 24 வயசுல வேலைக்கு சேர்ந்த முதல் வருஷம் எனக்கு டிபி. ஹெச்எம் கிட்ட சொல்லல, சொன்னா வேலை போயிடும்னு மூணு வாரம் மாத்திரை வாங்கவே போகாம சாக்பீஸ் தூசின்னு சொல்லி இருமிட்டு இருந்தேன், அந்த மூணு வாரமும் நாப்பது புள்ளைங்க முன்னாடி நின்னுட்டுதான் இருந்தேன். ஆயாம்மா ஏன் தூசின்னு சொன்னாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். இன்னிக்கு அவங்கள தூக்கினா நாளைக்கு வர்ற ஆயா இருமல இன்னும் நல்லா மறைப்பாங்க.
இன்னொண்ணு, எங்க தாத்தா காலத்துல டிபின்னா தாம்பரம் சானடோரியம்னு ஊருக்கு வெளிய அனுப்பிடுவாங்க, 1928ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் பேரே அதான். 1956ல இதே மெட்ராஸ்ல பாதி பேர சானடோரியத்துல வச்சும் பாதி பேர வீட்டுலயே வச்சும் ஒரு வருஷம் மாத்திரை கொடுத்து பாத்தாங்க. வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானாங்க, கூட இருந்தவங்களுக்கு அதனால கூடுதலா பரவலன்னும் தெரிஞ்சுது, உலகமே அத பாத்துதான் மாறிச்சு. நம்ம வாட்ஸாப் குரூப் மட்டும் இன்னும் 1928லயே இருக்கு.

மூணாங்கிளாஸ்_அம்மா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், டீச்சர் உங்களுக்கு தனியா. இன்னிக்கு நாலு அம்மாங்க சேர்ந்து ஹெச்எம்ம பாத்தோம். முதல்ல "அதெல்லாம் வதந்தி"ன்னாங்க, அப்புறம் ஒத்துக்கிட்டாங்க, பிஹெச்சில சொல்லி சனிக்கிழமை வேன் பிள்ளைங்க 17 பேருக்கும் செக்கப்னு முடிவாச்சு. ஆயாம்மாவுக்கு சம்பளத்தோட ஒரு மாசம் லீவ் கேட்டோம், "மேனேஜ்மென்ட்கிட்ட பேசறேன்"னு இழுக்கறாங்க, விடமாட்டோம். மாமியார் பத்தி நர்ஸ்கிட்ட கேட்டேன், இந்த வயசு புள்ளைங்க கிட்ட இருந்து மத்தவங்களுக்கு பரவுறது ரொம்ப அபூர்வம்னாங்க, இருந்தாலும் சுகர் இருக்கறதால இருமல் வந்தா உடனே கூட்டிட்டு வான்னாங்க.
வேன்ல பின்னாடி ரெண்டு ஜன்னல் துருப்பிடிச்சு திறக்கவே மாட்டேங்குதாம், டிரைவர் அண்ணன் தேங்காண்ணெய் விட்டு தட்டிட்டு இருக்காரு.