ஸ்பீக்கிங் தேர்வில் சைக்கிள் பற்றிக் கேட்டால் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறேன்

கேள்வி: கீரனூர் நர்ஸ்

வணக்கம். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் ஸ்பீக்கிங்கில் 7 வேண்டும். போன முறை 6.5 தான் வந்தது. முதல் பகுதியில் சைக்கிள் பற்றிக் கேட்டார்கள். சின்ன வயதில் சைக்கிள் இருந்ததா, இப்போது ஓட்டுகிறீர்களா, உங்கள் ஊரில் நிறையப் பேர் ஓட்டுவார்களா என்று.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எஸ், ஐ ஆம் ஹேவிங் ஒன் சைக்கிள். பிஃபோர் டென் இயர்ஸ் கவர்மென்ட் கேவ். ஐ லேர்ன்ட் டு டிரைவ் இன் மை வில்லேஜ். நௌ ஐ யூஸ் பைக்." கடைசி வரியைக் கேட்டதும் தேர்வாளர் முகத்தில் ஒரு குழப்பம் தெரிந்தது. அதற்குப் பிறகு, கோச்சிங்கில் மனப்பாடம் செய்த 'இகோ ஃப்ரெண்ட்லி' பத்தியை ஆரம்பித்து, பாதியில் மறந்து நின்றுவிட்டேன். அடுத்த மாதம் திரும்பவும் தேர்வு. என்ன செய்தால் பேச்சு வரும்?

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், புதுக்கோட்டை

அம்மா, உங்கள் பதிலில் இருப்பது தமிழ். ஆங்கிலச் சொற்களைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். நமக்கு சைக்கிளும் 'ஓட்டு', காரும் 'ஓட்டு'. அவர்களுக்குக் கார் என்றால் 'டிரைவ்', சைக்கிள் என்றால் 'ரைட்'. 'பத்து வருஷத்துக்கு முன்னால்' என்பதை நாம் அதே வரிசையில் 'பிஃபோர் டென் இயர்ஸ்' ஆக்குகிறோம். 'டென் இயர்ஸ் அகோ' என்று முடிக்க வேண்டும். 'ஐ ஆம் ஹேவிங்' வேண்டாம், 'ஐ ஹேவ்' போதும். கீழே விழுந்ததைச் சொல்லும்போது 'ஃபெல் டௌன் ஃப்ரம்' என்று சுற்றாமல் 'ஃபெல் ஆஃப் மை பைக்' என்று சொல்லுங்கள்.

அவர் குழம்பியதற்குக் காரணம் அந்த 'பைக்'தான். நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். பிரிட்டனில் சாதாரண சைக்கிளைத்தான் பைக் என்பார்கள். உங்களிடம் இருப்பது ஸ்கூட்டர் என்றால் ஸ்கூட்டர் என்றே சொல்லுங்கள். இன்னொன்று, 'பை-சைக்கிள்' என்று நீட்டாதீர்கள். 'பை-சி-கிள்', அழுத்தம் 'பை'யில்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் சரியாகும். எனக்கு வருத்தம் வேறு. கீரனூர் என்று போட்டிருக்கிறீர்கள். சைக்கிளைப் பற்றிச் சொல்ல நம் மாவட்டத்துப் பெண்ணுக்கா விஷயம் இல்லை? 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமத்து நர்சுகள் என்று அத்தனை பேரும் கற்றார்கள். சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியவர்களில் நானும் ஒருவன். பிடியை விட்டது தெரியாமல் பேசிக்கொண்டே மிதித்துப் போவார்கள். திரும்பிப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வந்த அந்த வெளிச்சம் இன்றும் கண்ணில் நிற்கிறது. உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்.

பதில்: லீட்ஸில் இருக்கும் நர்ஸ்

சார் சொன்னது எல்லாம் சரி, ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. அம்மா கதையை முழுசாக முதல் பகுதியில் இறக்காதே தங்கச்சி. அந்தப் பகுதி மொத்தமே 4-5 நிமிடம், ஒரு கேள்விக்கு மூன்று வாக்கியம் தாராளம். நான் நீட்டியபோது என்னைப் பாதியில் நிறுத்தி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். கதையை இரண்டாம் பகுதிக்கு வைத்துக்கொள். அங்கே யோசிக்க 1 நிமிடம், பேச 2 நிமிடம் வரை கிடைக்கும். சொந்தக்காரர் யாரையாவது பற்றியோ கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைப் பற்றியோ தலைப்பு அட்டை வந்தால் அப்படியே பொருந்தும். ஆனால் வரி வரியாக மனப்பாடம் செய்யாதே, குரலிலேயே தெரிந்துவிடும். நான் போனில் தினம் ஒரே கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் பேசிப் பதிவு செய்து கேட்டேன். 'அப்போ' என்றால் 'யூஸ்ட் டு', 'இப்போ' என்றால் 'தீஸ் டேஸ்'. இந்த இரண்டையும் வைத்தே பாதி பதில் ஓடும்.

கீரனூர் நர்ஸ்:

சார், அக்கா, ரொம்ப நன்றி. நேற்று டியூட்டி முடிந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மாவும் அறிவொளியில்தான் கற்றிருக்கிறார்கள்! இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் தாத்தாவின் பெரிய சைக்கிளில் பழகினார்களாம். பிறகு என் அண்ணனைப் பாரில் உட்கார வைத்துக்கொண்டு, கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டி வருவார்களாம். முக்கால் மணி நேரம் பேசினோம். ஒரே ஒரு சந்தேகம், எனக்கு அம்மா சொல்லிக் கொடுத்தது குரங்குப் பெடல். அதற்கு ஆங்கிலத்தில் என்ன?

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், புதுக்கோட்டை

அதற்கு ஒரு சொல்லைத் தேட வேண்டாம் அம்மா, காட்சியைச் சொல்லுங்கள்: "ஐ வாஸ் டூ ஷார்ட் டு ரீச் த சீட், ஸோ ஐ புட் ஒன் லெக் அண்டர் த கிராஸ்பார் அண்ட் பெடல்ட் ஸ்டாண்டிங் அப்." சொல் தெரியாத இடத்தை இப்படிச் சுற்றிச் சொல்வதற்கும் அவர்கள் மதிப்பெண் தருகிறார்கள். நாளைக்கு அம்மாவைப் பற்றி 2 நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.