யாரையும் கேட்காமல் காசு எண்ண: நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்

திருவொற்றியூர்க்காரி

சென்னையில் கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலில் தினமும் பீச் ஸ்டேஷன் வரை போகிறவள் நான். திருவொற்றியூரில் ஏறினால் கொருக்குப்பேட்டை வருவதற்குள் யாராவது ஒருவர் பொருள் விற்க வந்துவிடுவார். அவர்களில் பார்வையற்றவர்கள் நிறைய. ஊக்கு, சீப்பு, ரேஷன் கார்டு கவர், கடலைமிட்டாய்.

ஒரு அண்ணனிடம் வாடிக்கையாக வாங்குவேன். கழுத்தில் க்யூஆர் அட்டை தொங்கும். தோள்பையில், கடைகளில் பேசுமே, அதே ஸ்பீக்கர் பெட்டி. ரயில் இரைச்சலில் கேட்காது என்பதால், பணம் போட்டோம் என்றதும் பெட்டியை எடுத்துக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்வார். "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று அது சொன்ன பிறகுதான் பொட்டலம் நம் கைக்கு வரும். போன வாரம் ஒருவர் "அனுப்பிட்டேன், நம்புங்க" என்று அவசரப்படுத்தினார். "நீங்க அனுப்பியிருப்பீங்க சார், எனக்கு இன்னும் வரல. வண்ணாரப்பேட்டை வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றார் அண்ணன். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது.

முன்பெல்லாம் நோட்டை விரலால்தான் அளப்பாராம். பழைய நூறு ரூபாய் 157 மில்லிமீட்டர் நீளம், 73 அகலம். கைக்கு நன்றாகத் தெரியும். 2016 நவம்பர் முதல் வந்த புது வரிசையில் நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றே, 66. நூறா இருநூறா என்பதை நான்கு மில்லிமீட்டரில், ஓடுகிற ரயிலில் நின்றபடி, வியர்த்த விரலால் கண்டுபிடிக்க வேண்டும். ஓரத்தில் தடவிப் பார்க்கக் கோடுகள் உண்டு, நூறுக்கு நான்கு, ஐந்நூறுக்கு ஐந்து. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஈரக் கைகளில் மாறி மாறி வந்த நோட்டில் அதெல்லாம் எங்கே மிஞ்சும்?

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் 'மணி' என்று ஒரு செயலி கொண்டுவந்தது. நோட்டைக் கேமராவில் காட்டினால் எவ்வளவு என்று சொல்லும், நெட்கூட வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து எண்ண அருமையானது. ரயிலில் ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் சரக்கு. போனை எதில் பிடிப்பது?

இத்தனைக்கும் அந்தப் பேசும் பெட்டி, கூட்ட நேரத்தில் போனைப் பார்க்க முடியாத கடைக்காரர்களுக்காக வந்தது. ஆனால் "இது எவ்வளவுன்னு கொஞ்சம் பாருங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கும் வேலையை அண்ணனுக்கு இல்லாமல் செய்துவிட்டது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

பழைய வண்ணாரப்பேட்டை

அக்கா, எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. ஆபீஸில் கணினியில் வேலை செய்வது திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்து. பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006-இல் தொடங்கியது, இன்றுவரை இலவசம். அது இல்லையென்றால் எனக்கு இந்த வேலையே இல்லை.

ஆனால் வசதி வந்த வழியிலேயே திரும்பியும் போகிறது. எம்.சி. ரோட்டில் தங்கைக்குப் புடவை எடுத்தோம். கார்டு மெஷினைக் கையில் கொடுத்தார்கள். வழவழவென்று வெறும் கண்ணாடி. பொத்தான் வைத்த மெஷினில் ஐந்தாம் எண்ணின் மேல் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கும். அதில் விரல் பட்டுவிட்டால் மற்ற எண்கள் தானாக வந்துவிடும். கண்ணாடியில் எதைத் தொடுவது? "பின் நம்பரைச் சொல்லுங்கண்ணா, நான் போடுறேன்" என்றான் பில் போடும் பையன். நல்ல மனசுதான். அதற்காக ரகசிய எண்ணைக் கடை நடுவில் சொல்ல முடியுமா? இயர்போனை மாட்டிக்கொண்டு போனிலேயே கட்டினேன்.

வங்கிக் கணக்கு ஆன்லைனில் தொடங்கப் போனால், கேமரா முன் இருப்பது நிஜ ஆள்தானா என்று பார்க்க "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று வரும். எங்களில் பலரும் அங்கேயே நின்றுபோகிறோம். ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பு வந்தது. சிமிட்டாமலும் சரிபார்க்க வழி வேண்டும் என்றார்கள். எல்லாச் செயலிகளிலும் அது சீக்கிரம் வர வேண்டும்.

வியாசர்பாடி

2025 ஜூன் 30 அன்று எங்கள் வியாசர்பாடி பணிமனையில்தான் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளைத் தொடங்கிவைத்தார்கள். அம்மாவைச் சக்கர நாற்காலியோடு அதில் கூட்டிப்போனேன். சரிவுப்பலகையை விரித்தார்கள், அப்படியே தள்ளிக்கொண்டு ஏறிவிட்டோம். இதுவரை பேருந்து என்றால் யாராவது இரண்டு பேர் அம்மாவைத் தூக்க வேண்டும். அந்நியர் கை இடுப்பில் படும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்று ஜன்னலோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டிலிருந்து ஸ்டாப் வரைதான் இன்னும் பாடு. நடைபாதையில் பைக், பெயர்ந்த கால்வாய் மூடி, அப்புறம் ரோட்டிலேயே தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

திருவொற்றியூர்க்காரி

வண்ணாரப்பேட்டை தம்பி, என் சித்தப்பா தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். உங்களைப் போன்றவர்கள் வந்தால் என்ன செய்தால் நல்லது என்று கேட்கிறார்.

பழைய வண்ணாரப்பேட்டை

க்யூஆரைக் கேமராவுக்குள் பிடிப்பது எங்களுக்குச் சிரமம், அக்கா. பணம் போட வேண்டிய போன் நம்பரை வாயால் சொல்லச் சொல்லுங்கள், நாங்களே அடித்துக்கொள்வோம். பொத்தான் வைத்த பழைய மெஷின் இருந்தால் மாற்ற வேண்டாம். மீதி கொடுக்கும்போது நோட்டுகளை ஒவ்வொன்றாக, எவ்வளவு என்று சொல்லிக் கையில் வைத்தால் போதும்.